ஏழாவது தொட்டில்

கொழுந்து பறிக்கப் போன தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவின் கூரையில் ஏறி நல்லமுத்து துருப்பிடித்த தகரங்களின் ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறான். அவன் இடுப்பில் கயிறு இல்லை. கீழே ஏழு குழந்தைகள் சேலைத் தொட்டில்களில் தூங்குகின்றன. “புள்ளைகள வெளியில எடுத்துட்டுப் புடுங்கச் சொல்லுங்கய்யா,” என்று ஆயா செவனம்மா கெஞ்சுகிறாள். “நேரமில்ல. மழைக்கு முன்ன கூரையப் போட்டாகணும், நாளைக்குத் தொர வர்றாரு,” என்கிறார் தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கய்யா. மலைமுகட்டிலிருந்து காற்று இறங்க, தேயிலைச் செடிகள் நிரை நிரையாகச் சிலிர்த்துக்கொண்டு வருவதை அவள் பார்க்கிறாள். ஆணி போன தகரமொன்று எழும்பித் தடதடக்கிறது. நல்லமுத்து அதன்மேல் குப்புறப் படுத்து அழுத்துகிறான். “அக்கா, புள்ளைகளத் தூக்குங்க! ரொம்ப நேரம் தாங்காது!” கண்டாக்கய்யாவைத் திரும்பியும் பார்க்காமல் செவனம்மா உள்ளே ஓடுகிறாள். கைக்கு ஒன்றாக அள்ளிவந்து தூரத்துப் புல்லில் கிடத்துகிறாள். மூன்று நடையில் ஆறு குழந்தைகள். ஏழாவது தொட்டிலைத் தொடும்போது தடதடப்பு நிற்கிறது. குழந்தையின் முகத்தில் வெளிச்சம் விழுகிறது. அவள் நிமிர்கிறாள். மேலே தகரமும் இல்லை, நல்லமுத்துவும் இல்லை.