ஒரு படி கம்மி

சாருமதி என்ற மைனாவைப் பெண் பார்க்க, ஆற்றங்கரை மரத்திலிருந்து ஒரு மைனாக் குடும்பம் வந்திருந்தது.

"என்னம்மா படிச்சிருக்கே?" என்று கேட்டாள் மாப்பிள்ளையின் அம்மா.

"முதுகலை முடிச்சுட்டேன் அத்தை. இப்போ முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்றேன்."

அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. "எங்க பையன் இளங்கலைதான். பொண்ணு ஒரு படி கம்மியா இருந்தாத்தான் அவனுக்கு மரியாதை. ஆராய்ச்சியை விட்டுடு. யாராவது கேட்டா பன்னிரண்டாவதுன்னு சொல்லிடு."

"அப்படிச் சொல்றதுல என்னம்மா குறைஞ்சிடப் போகுது?" என்றார் சாருமதியின் அப்பா.

அவளுக்குச் சிறகெல்லாம் சிலிர்த்தது. "அவர் மேலே படிக்கட்டும். நான் காத்திருக்கேன்."

"ஆம்பளைப் பிள்ளை எதுக்கு இன்னும் கஷ்டப்படணும்?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"அப்போ பன்னிரண்டாவது படிச்ச பொண்ணைத் தேடிப் போங்க. இந்த மரத்துல அப்படி யாரும் இல்லை."

சொல்லிவிட்டு சாருமதி ஆராய்ச்சிக்குப் பறந்தாள்.