காகங்களின் மௌன அஞ்சலி

பருந்துப் படை காட்டை ஆண்ட காலத்தில், செத்த காகத்துக்காகக் கூடிக் கரையக் கூடாது என்பது சட்டம். படை ஒழிந்த பிறகு, பலியானவர்களுக்காகக் காகங்கள் ஆண்டுதோறும் ஆலமரத்தில் கூட்டம் போட்டன.

"எல்லாரும் ஒரு நிமிஷம் மௌனமா இருங்க" என்றது தலைவர் காகம்.

பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்காகத்துக்குப் பொறுக்கவில்லை.

"அவனைத் தூக்கிட்டுப் போனப்பவும் இப்படித்தானேய்யா வாயை மூடிட்டு இருந்தீங்க! கரைஞ்சா தொண்டை தேஞ்சா போயிடும்? சரி, அரை நிமிஷம் மௌனமா இருங்க, அரை நிமிஷம் என் பிள்ளைக்காகக் கரைங்க."

"கூட்டத்தைக் கெடுக்காதீங்கக்கா. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

தாய்க்காகம் தனியாகவே கரைந்தது. ஒரு குரல்கூடச் சேரவில்லை. மரம் நிறைய உட்கார்ந்திருந்த காகங்கள், பருந்து வருகிறதா என்று அண்ணாந்து பார்த்தன.