மெத்தென்ற அதிர்வு

"இந்த ஆம்ப்ளிஃபயரும் பத்தாதுங்களாண்ணா?" என்றான் கடைக்கார வளவன்.

குணசீலனுக்கு எதிலும் அசல் வேண்டும். ஃபேர்லேண்ட்ஸ் வீட்டு மாடியில் அமைத்திருந்த கார் பந்தய வீடியோ கேம் இருக்கை, நிஜக் கார் போலவே குலுங்க வேண்டும். "சக்கரம் எது மேல ஏறுனாலும் முதுகுல தெரியோணும் தம்பி."

வளவன் வேறொன்றை மாட்டி, இருக்கைக்கு அடியிலிருந்த அதிர்வுக் கருவிகளோடு இணைத்தான்.

"இது ஆள் மேல ஏறுற அதிர்வுங்க."

இருக்கை தடாலென்று எகிறியது.

"அட, இத்தனை முரட்டுத்தனமா இருக்காது. மெத்துன்னு ஒரு தூக்குத் தூக்கும், அவ்வளவுதான்."

சொன்ன பிறகே குணசீலன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வளவன் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டான்.

"போன தை மாசம் நாமகிரிப்பேட்டை ரோட்டுல ஒரு கார் ஒரு பொம்பளை மேல ஏத்திட்டு நிக்காமப் போச்சுங்களே, அது எம்பட சம்சாரமுங்க. ஒல்லியா இருப்பா. அவ்வளவுதான் தூக்கியிருக்கும்."