எதிர்ப்பக்கத்துச் சோறு

நெருப்புக்காய்ச்சல் விட்ட பிறகும் கிருமி வயிற்றில் இருக்கலாம், குளிசையை முடிக்கும்வரை யாருடனும் ஒரே தட்டில் சாப்பிட வேண்டாம் என்று டொக்டர் அஸ்மீரிடம் சொல்லியிருந்தார். உடம்பு நன்றாக இருந்ததால் அவன் குளிசையைப் பாதியில் விட்டான். தங்கச்சியின் கலியாணத்தில் நண்பன் நிஸ்தாரோடும் மற்றவர்களோடும் ஒரே சஹன் தட்டைச் சுற்றிச் சாப்பிட உட்கார்ந்தான். வீட்டுக்காரன் என்பதால் எல்லோருக்கும் இறைச்சியைத் தன் கையால் பிய்த்து வைத்தான். நல்ல துண்டை நிஸ்தார் பக்கம் தள்ளினான்.

“காய்ச்சல்ல கிடந்து எலும்பாப் போனது நீ. நீ தின்னு மச்சான்,” என்று நிஸ்தார் அதைத் திருப்பித் தள்ளினான். அஸ்மீர் விடவில்லை. கடைசியில் நிஸ்தார்தான் தின்றான்.

அடுத்த மாதம் நிஸ்தார் அதே காய்ச்சலில் குடல் ஓட்டையாகி மௌத்தானான். எங்கேயோ கெட்ட தண்ணீர் குடித்திருப்பான் என்று ஊரில் கதைத்தார்கள். அஸ்மீரும் ஓம், அப்படித்தான் என்றான்.

அதன் பிறகு அஸ்மீர் தனிப் பீங்கான் தட்டில், தனியாகத்தான் சாப்பிடுகிறான். அவன் இந்தப் பக்கம் அள்ளும்போது எதிர்ப்பக்கத்திலும் சோறு குறைகிறது. அங்கே விரல் தடம் இருக்கிறது.

“என்ன மகன், ரெண்டு பேர் திண்ட மாதிரிக் கிடக்கு பீங்கான்?” என்று உம்மா கேட்டார்.

“பசி உம்மா.”

இன்று பகல் நிஸ்தாரின் வீட்டிலிருந்து, இறந்தவனுக்காக ஓதிக் கொடுக்கும் கத்தம் சோறு வந்தது. இறைச்சி ஒரு துண்டுதான் இருந்தது. அஸ்மீர் அதை எதிர்ப்பக்கம் தள்ளி வைத்தான்.

“என்னாலதான் மச்சான்,” என்று சொல்லிவிட்டுத் தலை குனிந்துகொண்டான்.

நிமிர்ந்தபோது இறைச்சி அவன் பக்கம் இருந்தது. எலும்பை நீக்கி, சிறிது சிறிதாகப் பிய்த்து வைக்கப்பட்டிருந்தது.