செங்கல் தின்றவள்

என் மனைவி அஞ்சுகம் செங்கல் தின்றாள். சூளையில் உடைந்து கிடக்கும் துண்டுகளைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு, கல் சுமக்கும்போது கடித்தாள். "யோவ், வீட்டுல சோறு போடுறியா இல்லையா? உன் பொண்டாட்டி சூளையையே தின்னு தீத்துடுவா போலருக்கே" என்று மேஸ்திரி எல்லார் முன்னாலும் கேட்டான். சிரித்தார்கள். அன்று அவள் வாயிலேயே அடித்தேன். அப்புறம் எனக்குத் தெரியாமல் தின்றாள்.

நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. நகமெல்லாம் வெளுத்துக் குழிந்தது. பக்கத்து ஊர் டாக்டர் மூன்று தடவை குளுக்கோஸ் ஏற்றி, "அசதிதான்" என்று அனுப்பினார். ரத்தத்துக்கென்று தனி டாக்டர் உண்டென்று ஒருத்தரும், நாசமாய்ப் போனவர்கள், சொல்லவில்லை. அவள் தலைச்சுமையோடு விழுந்த பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம்.

ரத்த டாக்டரம்மா அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். "மண்ணு, சாம்பல், செங்கல்னு ஏதாச்சும் திங்கணும்னு தோணுதாம்மா?"

அஞ்சுகம் என்னைப் பார்த்தாள். "இல்லீங்க."

"திங்குதுங்க. ரெண்டு வருசமா" என்றேன்.

"இரும்புச்சத்து கொறைஞ்சா ஒடம்பு அப்படிக் கேக்கும். அது நோயோட அடையாளம். அப்பவே கூட்டிட்டு வந்திருக்கணும்." சொல்லிக்கொண்டே சீட்டில் எழுதினார்.

இத்தனை வருஷத்தில் என்னை எதிர்த்துப் பேசாதவள், மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அதுக்குத்தான் இந்த ஆளு என் வாயில அடிச்சாரு. அதையும் எழுதுங்கம்மா."

டாக்டரம்மா பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். அஞ்சுகம் உட்காரவில்லை.