கூடாரத்தில் மூன்று நாள்

"அக்கா, செத்த தளபதியை உடனே புதை! புதைக்காத பிணத்தைத் தேடித்தான் பேய்ப்படை வருது!"

கணினியிலிருந்து கண்ணெடுக்காமல் பெர்மெத் சொன்னாள். "நம்ம ஊர் வழக்கப்படி மூணு நாள் கூடாரத்துல வெச்சு அழுதுட்டுத்தான் புதைப்பேன்."

"லூசா நீ? இது கேம்! கோட்டையே போயிடும்."

"போகட்டும். மறுபடி கட்டலாம்."

தம்பி தாலந்த் பொறுமையிழந்து மௌஸைப் பிடுங்கினான். பிணத்தைச் சொடுக்கியதும், தளபதிக்கு அக்கா வைத்திருந்த பெயர் திரையில் தெரிந்தது.

ஜென்திபெக்.

மாஸ்கோவில் கட்டட வேலையில் இறந்து, இவர்கள் போய்ச் சேருமுன்பே அங்கேயே அடக்கம் செய்யப்பட்ட அப்பாவின் பெயர்.

கோட்டைக் கதவில் பேய்கள் மோதின.

தாலந்த் மௌஸைத் திருப்பிக் கொடுத்தான். "இன்னும் எத்தனை நாள்க்கா?"

"ரெண்டு."

தன் மடிக்கணினியை இழுத்து அதே கேமுக்குள் நுழைந்தான். "நீ உள்ள உக்காந்து அழு. வழக்கப்படி மகன்தானே வாசல்ல நிக்கணும்? நான் நிக்கறேன்."