பியூஸைப் பிடுங்கியவள்

சிவரஞ்சனி மறுபடியும் பியூஸைப் பிடுங்கினாள்.

மேசை மேலிருந்த சிறு கம்ப்யூட்டரின் பச்சை விளக்கு அணைந்தது. போடிமெட்டு ஜீப் ஸ்டாண்டு அறையில் வெளிச்சம் போய், மூடுபனி மட்டும் சன்னலில் நின்றது.

"ஏத்தா, இருக்குற கரண்டையும் நீயே நிப்பாட்டுறியே?" என்றார் ஓட்டுநர் சங்கத் தலைவர் ராக்கையா.

"தானா எந்திரிக்குதான்னு பாக்கணும்ணே."

ஏலக்காய்த் தோட்டத்தில் யாருக்கு ஆபத்து என்றாலும் ஒரே எண்ணை அழைத்தால் போதும். பக்கத்தில் நிற்கும் ஜீப்புக்குத் தகவல் போகும். சங்கத்துக்கு அவள் செய்து கொடுத்த ஏற்பாடு.

போன மழையில், கரண்ட் போய்த் திரும்பிய ஒரு நாள், தோட்டத்தில் காய் பறித்துக்கொண்டிருந்த வேலுத்தாயைப் பாம்பு கடித்தது. தோட்டத்திலிருந்து அழைத்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு ஜீப்பும் வரவில்லை. போர்வையில் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். உயிர் தப்பியது. வலது கை தப்பவில்லை.

அதன் பிறகு அந்த எண்ணுக்கு யாருமே அழைக்கவில்லை. இன்றோடு இதை மூடிவிடலாம் என்பது சங்கத்தில் பேச்சு.

அன்று நடந்தது இதுதான். கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு வேலைக்கும் கன்டெய்னர் என்று தனித்தனியாக ஓடும் ஒரு புரோகிராம். ஓட்டுநர்களின் விவரம் வைத்திருக்கும் டேட்டாபேஸ் முதலில், போனை எடுக்கும் கன்டெய்னர் அடுத்து என்று அவள் வரிசை சொல்லியிருந்தாள். டேட்டாபேஸ் தொடங்கிவிட்டதா என்று பார்க்கச் சொன்னாளே தவிர, பதில் சொல்லத் தயாராகிவிட்டதா என்று பார்க்கச் சொல்லவில்லை. போனை எடுக்கும் கன்டெய்னர் அவசரமாகப் போய்க் கேட்டது. பதில் இல்லை. அப்படியே விழுந்துவிட்டது.

போனை எடுப்பதை அரை நிமிடம் பொறுத்துக் கிளம்பச் சொல்லிவிடலாம் என்றான் கூட வேலை பார்க்கும் பிரதீப். அவள் ஒப்பவில்லை. திடீரென்று கரண்ட் போனால் டேட்டாபேஸ் தேறி எழ எவ்வளவு நேரமாகும் என்று யாரால் சொல்ல முடியும்?

இப்போது டேட்டாபேஸைத் தயாரா, தயாரா என்று கேட்டுக்கொண்டே இருக்க வழி செய்திருந்தாள். ஆமாம் என்று வந்தால்தான் அடுத்தது கிளம்பும். நடுவில் தொடர்பு அறுந்தாலும் விழாது, திரும்ப முயலும்.

காலையிலிருந்து பிடுங்குவதும் செருகுவதும்தான். சில தடவை எழுந்தது. சில தடவை விழுந்தது. விழும்போதெல்லாம் காரணம் தேடித் திருத்தினாள். ராக்கையா வாங்கி வைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது.

சோதனைக்கு அழைக்கச் சொல்லி பிரதீப்பை வெளியே நிறுத்திவிட்டு, பியூஸைச் செருகினாள்.

பச்சை விளக்கு எரிந்தது. திரையில் வரிகள் வந்தன.

தயாரில்லை.

தயாரில்லை.

தயாரில்லை.

அவள் திரையைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

தயார்.

போனை எடுக்கும் கன்டெய்னர் கிளம்பிய கையோடு ஓர் அழைப்பு வந்தது. எடுத்தது. மலைச்சரிவில் நின்ற சீனிச்சாமியின் ஜீப்புக்குத் தகவல் போனது. 'கிளம்பிட்டேன்' என்று அவர் அழுத்திய பதிலும் திரையில் விழுந்தது.

ராக்கையா தொடையைத் தட்டிச் சிரித்தார்.

சிவரஞ்சனி வாசலுக்கு ஓடினாள். "பிரதீப்பு, போயிருச்சுடா! சும்மா சோதனைதான்னு சீனிச்சாமி அண்ணன்கிட்டச் சொல்லு, வெரசா. பாவம், கிளம்பிட்டாரு."

பிரதீப் போனைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"நான் இன்னும் கூப்பிடவே இல்லையேக்கா."